நாலாம் நம்பர் சாப்பாடு

எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிக்ஸி அக்காவின் சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்க முடியும். மற்றபடி டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவள் மிக்ஸி அக்காதான். பத்தொன்பது வருஷம் அரைத்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? நான் அவளைவிட ஏழு வயது சின்னவள். வார்டுக்குப் போகும் வண்டியில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. அவள் அரைத்ததை நான் சரிபார்த்து அனுப்புவேன். ஒரு நாள்கூட அவள் தட்டை நான் திருப்பியதில்லை. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். ஒரு தப்பாவது கண்டுபிடித்து அவளை வம்புக்கு இழுக்க எனக்கு ரொம்ப நாள் ஆசை.

எங்களிடம் சாப்பாட்டுக்கு நம்பர் உண்டு. ஏழு என்றால் நீங்களும் நானும் சாப்பிடுவது. ஆறு என்றால் மெத்தென்று வெந்த சின்னச் சின்னத் துண்டுகள், பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும். நாலு என்றால் முழுக்க அரைத்தது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் மொத்தமாக நழுவி விழ வேண்டும். ஒட்டக் கூடாது, ஓடவும் கூடாது. ஓடினால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும், ஆளை முடித்துவிடும். அதனால் சமையலறையில் ஒரு சட்டம்: தாள் வராமல் நம்பர் மாறாது. நோயாளியின் சொந்தக்காரர் வந்து அழுதாலும் சரி, பெரிய டாக்டரே வாயால் சொன்னாலும் சரி, கையெழுத்துப் போட்ட தாள் வந்தால்தான் நாலு ஆறாகும். இந்தச் சட்டத்தை எங்களில் ஒருவரும் மீறியதில்லை. நான் ஒருத்திதான் மீறினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். லாரி டிரைவர். இருபத்தாறு வருஷம் ரோட்டிலேயே குடித்தனம். எந்த ஊரில் எந்த முட்டுச்சந்தில் மீன் நன்றாக இருக்கும், எந்தப் பாலத்தடியில் சூப் நன்றாக இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டுக்கு வந்தால் அதையெல்லாம் அக்காவுக்கு வாயில் எச்சில் ஊற வர்ணிப்பார். கூட்டிக்கொண்டு போனது மட்டும் இல்லை. லாரியில் வெளியாள் ஏறக் கூடாது என்பது கம்பெனி விதி. லீவு கிடைத்தால் மனிதர் மூன்று நாள் தூங்குவார். அக்கா பார்த்த ஊர்கள் இரண்டே இரண்டு, பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும்.

மூன்று வருஷத்துக்கு முன் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் அடைத்து மாமா விழுந்தார். பிழைத்துக்கொண்டார். வலது கை போயிற்று, பேச்சு பாதி போயிற்று, விழுங்குவது முழுக்கப் போயிற்று. ஐந்து மாதம் மூக்கில் குழாய். அப்புறம் தாள் வந்தது: நாலு. அக்கா பகலில் எண்பது பேருக்கு அரைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் எண்பத்தோராவது ஆளுக்கு அரைத்தாள். எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சலித்துக்கொண்டதில்லை.

அரைத்ததைத் தின்பதில் மாமாவுக்கு இருந்த வருத்தத்தைவிட, அதை அடுத்தவர் முன்னால் தின்பதில் இருந்த வருத்தம் பெரிது. ஒரு கல்யாண விருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, "அந்தத் தாத்தா பாப்பா சாப்பாடு சாப்பிடுறாரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டது. மாமா கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் அவர் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை. வீட்டில் அக்காவோடுகூட இல்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். "ரெண்டு வருஷமா அவரு முதுகைப் பார்த்துட்டுதாண்டி சாப்பிடுறேன்" என்று அக்கா ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு மிக்ஸியைப் போட்டுவிட்டாள், நான் பதில் சொல்ல முடியாதபடி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, வெளிநோயாளிப் பிரிவில் தன் முறைக்குக் காத்திருந்தபோது மாமா ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். அதில் ஓர் ஓட்டல். உலகப் புகழாம். வேறு நாட்டில், கடலோரப் பாறை மேல் இருக்கிறதாம். பதினாலு நாற்காலிதானாம், வருஷத்தில் ஒரே ஒரு நாள் முன்பதிவைத் திறப்பார்களாம். அங்கே எதுவும் அதுவாக இருக்காது. கோழியை நுரையாக்குகிறார்கள், கேரட்டைப் பஞ்சாக்குகிறார்கள், கண்ணாடி மூடிக்குள் புகையை அடைத்து அதையும் ஓர் அயிட்டம் என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். உருளைக்கிழங்கு கூழாங்கல் மாதிரி வரும். பக்கத்திலேயே நிஜக் கூழாங்கல்லும் வரும். எது எது என்று கண்டுபிடித்துத் தின்ன வேண்டும். "தப்பா கடிச்சு பல்லு போனா ஓட்டல்காரன் கட்டித் தருவானாக்கா?" என்று நான் கேட்டேன். எனக்கு அந்த மாதிரி இடங்களைக் கண்டாலே ஆகாது. பல்லும் தொண்டையும் நன்றாக இருக்கிற ஜனங்கள் ஒரு வருஷம் காத்துக்கிடந்து நாலாம் நம்பர் தின்னப் போகிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வராதா?

மாமா அந்தப் படத்தில் பார்த்தது வேறு. பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் அக்கா முன்னால் விரித்தார். நீள மேஜை, பதினாலு பேர், எல்லார் கையிலும் கரண்டி, எல்லார் தட்டிலும் நுரை. அதை இடது கை விரலால் தட்டித் தட்டிக் காட்டி, "இங்க... எல்லாரும்... என்ன மாதிரி" என்றார்.

அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டாள். ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, அவர் நாலு பேர் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும். எதிரே அவள் உட்கார வேண்டும். சாப்பிடும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முன்பதிவு திறந்த காலையில் அக்கா ஒரு போனும் நான் ஒரு போனுமாக மல்லுக்கட்டினோம். கிடைத்தது என் போனில். பதினோரு மாதம் கழித்து ஒரு மதிய வேளை, இரண்டு நாற்காலி. இதை நான் பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பதிவுப் படிவத்தில் 'சாப்பிடக் கூடாதது ஏதேனும் உண்டா' என்று ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். அக்கா நாலு பக்கம் எழுதித் தனியாக அனுப்பினாள். நுரை பார்க்க நாலாம் நம்பர் மாதிரி இருக்கும், ஆனால் வாய்ச் சூட்டில் தண்ணீராகிவிடும், தண்ணீர் என் கணவரைக் கொல்லும். ஜெல்லியும் அப்படித்தான். உங்கள் நுரை வாயில் எத்தனை விநாடி நிற்கும்? பஞ்சு கேரட் எச்சில் பட்டால் உதிருமா, சேர்ந்தே இருக்குமா? இப்படியே போயிற்று. "இதப் படிச்சா உன் சீட்டைக் கிழிச்சுப் போடுவான்" என்றேன். மூன்றாவது வாரம் தலைமைச் சமையல்காரரே பதில் போட்டார். இருபது வருஷத்தில் தன்னை யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை என்றும், பதினோரு அயிட்டத்தையும் அக்கா சொல்கிற பதத்திலேயே புதிதாகச் செய்வதாகவும், அன்றைக்கு மேஜையில் உட்காரும் பதினாலு பேருக்கும் அதே சாப்பாடுதான் என்றும் எழுதியிருந்தார். கடைசியில், 'இந்த விஷயத்தில் நான் உங்கள் மாணவன்' என்று ஒரு வரி.

அந்தக் கடிதத்தை அக்கா அச்செடுத்து, கெட்டிப்படுத்தும் மாவு டப்பாவின் மேல் ஒட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அரைத்ததைப் பற்றி சமையலறைக்கு வந்த கடிதங்கள் எல்லாம் புகார்கள். நிறம் பிடிக்கவில்லை, நாற்றம் பிடிக்கவில்லை, நாய்க்கு வைப்பது மாதிரி இருக்கிறது. ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. நான் சொன்னேனா? நானும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் அக்கா வேறு ஆளாகிவிட்டாள். மதிய வண்டிகள் போனதும் ஏப்ரனைக் கழற்றாமல் சோதனையில் இறங்குவாள். உடம்புச் சூட்டுக்குத் தண்ணீரைக் காய்ச்சி, அதன் மேல் கரண்டியைப் பிடித்து, அதில் நுரையை வைப்பாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண வேண்டும். நாற்பது விநாடி நின்றால் பாஸ். முதல் வாரம் எல்லாம் பதினைந்திலேயே தண்ணீராயிற்று. "எண்ணுறதுக்கு முன்னாடியே செத்துருச்சு" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் கண்டுகொள்ள மாட்டாள். மாவின் எடையைக் குறித்துக்கொண்டு மறுபடி அடிப்பாள். பாஸான கணக்கு கடிதத்தில் ஓட்டலுக்குப் போகும். நாற்பத்திரண்டு வந்த அன்று என்னைக் கட்டிக்கொண்டு, என் தலையெல்லாம் மாவாக்கிவிட்டாள். அவள் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அந்த மாதங்களில்தான்.

வழியெல்லாம் மாமா பார்த்துக்கொண்டார். இரண்டு ரயில், ஒரு படகு, ஒரு பஸ். லாரி ஓட்டியவர் அல்லவா, இடது கையால் கோணல்மாணலாகச் சுவர் முழுக்கத் தாள் ஒட்டி எழுதினார். எந்த ஸ்டேஷன் கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி உண்டு, படகில் ஏற எத்தனை படி, எந்த ரயிலில் சுடுதண்ணீர் கிடைக்கும். எல்லையில் வெள்ளை மாவு டப்பாவைப் பார்த்துப் போலீஸ்காரன் சந்தேகப்படுவான் என்று நான்தான் சொன்னேன். இது போதைப்பொருள் இல்லை, சாப்பாட்டைக் கெட்டியாக்கும் மாவு என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிவைத்தார்கள். அந்தக் கடிதத்தை மாமா என்னைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். கோணல் வாயோடு சிரித்தாலும் சிரிப்பு சிரிப்புதான்.

கிளம்ப நாலு மாதம் இருந்தபோது ஒரு வியாழக்கிழமை எனக்கு லீவு. அக்காவுக்கு வேலை. நான் அவர்கள் வீட்டுக்கு ஒரு பயணப் பையைக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் ஆஸ்பத்திரி வேன் மாமாவை இறக்கிவிட்டுப் போயிருந்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு, டிரைவிங் லைசென்ஸ் உறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். எங்கள் ஆஸ்பத்திரித் தாள்தான். விழுங்கப் பயிற்சி தரும் அம்மாவை மாமா தொண்டை டீச்சர் என்பார். தொண்டை டீச்சரின் கையெழுத்து. நம்பர் ஆறு. தேதி அதற்கு முந்தின வாரத்து வியாழன்.

"மாமா, இது ஆறு. அக்காகிட்ட காட்டலையா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஏன்?"

"மெனு... முடிஞ்சுது. அவ... எல்லாம்... நாலுல பண்ணிட்டா."

"அதனால என்ன? அவங்ககிட்ட சொன்னா மாத்துவாங்க."

"பாடுறா" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "அவ பாடுறா. இப்ப." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்கயும்... கூட்டிட்டுப் போகல. போயிட்டு வந்து... சொல்லிக்கலாம். நாலு மாசம்தான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தாளைப் பிடுங்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போயிருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாகத் தாள் பார்ப்பவள் நான். தாள் வந்தால் நம்பர் மாற வேண்டும், அதுதானே சட்டத்தின் மறுபாதி. ஆனால் அந்த மனிதர் அப்படிக் கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை. எனக்கும் அந்த நுரையும் நாற்பது விநாடியும் பிடித்துப்போயிருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுடைய சந்தோஷத்தில் எனக்கும் பங்கு இருந்தது. சரி என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

அப்புறம் அவர் அடுப்பங்கரையைக் காட்டினார். கூடையில் உருளைக்கிழங்கு இருந்தது. நான் ஒன்றை எடுத்து, விரலால் அழுத்தினால் மசிகிற அளவுக்கு வேகவைத்து, ஆறாம் நம்பருக்கு எப்படி வெட்ட வேண்டுமோ அப்படி வெட்டி, உப்புத் தூவி வைத்தேன். என் எதிரிலேயே உட்கார்ந்தார், சுவர்ப்பக்கம் திரும்பாமல். முதல் துண்டை இடது கன்னத்துக்கு ஒதுக்கினார். இரண்டு கடியில் கரைகிற துண்டு அது. அதை இருபது தடவை மென்றார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, வாயை மூடியபடியே சிரித்தார். பிறகு மறுபடி மென்றார். கிழங்கு முழுவதையும் தின்ன அரை மணி நேரம் ஆயிற்று. தட்டை நானே கழுவி, துடைத்து, பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் எனக்கு வியாழக்கிழமை லீவு அமையவில்லை.

ஒவ்வொரு வாரமும் அக்கா அவரிடம் கேட்பாள், தொண்டை டீச்சர் ஏதாவது தாள் கொடுத்தாரா என்று. அவர் இல்லை என்று தலையாட்டுவார். தாள் இல்லையென்றால் அவளுக்கு நாலுதான். அவள் அரைத்துக் கொடுத்தாள், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றார். மறுநாள் காலையில் அவள் என்னிடம் வந்து, "கோழி நுரையில முட்டை வெள்ளை சேர்த்துப் பார்க்கட்டுமாடி?" என்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "பாரேன்" என்பேன்.

ஓட்டலில் சாப்பிட வேண்டிய நாளுக்கு இருபது நாள் இருந்தபோது, காலையில் பல் தேய்க்கப் போனவர் அங்கேயே விழுந்தார். இரண்டாவது அடைப்பு. இந்தத் தடவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாவது மாடியில் படுக்கை. மறுநாள் நான் வண்டி தள்ளிக்கொண்டு போனபோது, தொண்டை டீச்சர் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கால்மாட்டில் நின்றிருந்தாள்.

"இனிமே வாய் வழியா எதுவும் வேண்டாம்மா. ரொம்பப் பலவீனமா இருக்கு" என்றார் டீச்சர். "ஆறுல எவ்வளவு நல்லா வந்துட்டு இருந்தாரு. வீட்டுல என்னென்ன குடுத்தீங்க?"

"ஆறு இல்ல மேடம், நாலு" என்றாள் அக்கா.

"நாலா? நாலு மாசம் முன்னாடியே மாத்தி எழுதிக் குடுத்தேனே. தாள் அவரு கையிலதான் குடுத்தேன்."

அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் கண் திறந்திருந்தது, ஆனால் பேச்சு சுத்தமாக இல்லை. அப்புறம் அவள் என்னைப் பார்த்தாள். நான் வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றிருந்தேன். பொய் சொல்ல எனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும்.

மாடிப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாள், அவர் சொன்னது, உருளைக்கிழங்கு, ஒன்று விடாமல். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு மாசம் அவருக்கு வாய் திறந்திருக்குடி" என்றாள். "நாலு மாசம். அந்த நாலு மாசமும் நான் நுரை அடிச்சிட்டு இருந்திருக்கேன்."

நான் பக்கத்தில் உட்காரப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை.

வாய் வழி ஒன்றும் கூடாது என்ற தாள் மதியம் சமையலறைக்கு வந்தது. படுக்கை எண்ணைப் பார்த்து, அந்தத் தட்டை வரிசையிலிருந்து நானே எடுத்தேன். ஒன்பதாம் நாள் மாமா போய்விட்டார்.

அடுத்த வாரமே அக்கா வேலைக்கு வந்தாள். எப்போதும் போல அரைத்தாள். எப்போதும் போல அவள் தட்டில் ஒரு குறையும் இல்லை. சோதனைக் கரண்டிகளைக் கழுவி எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். டப்பாமேல் ஒட்டிய கடிதம் மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கிழிக்கவும் அவளுக்கு மனம் இல்லை போலும், படிக்கவும் மனம் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் நின்று, தட்டை மட்டும் கைமாற்றிக்கொண்டோம்.

அந்த ஓட்டலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்பது, குறித்த நாளில் என் போன் அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பதிவு என் எண்ணில் அல்லவா இருந்தது. ஒரு பெண் பேசினாள். மேஜை தயார், பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள், உங்கள் இருவருக்காகக் காத்திருக்கிறோம் என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் யாரையோ கேட்டுவிட்டு வந்து, மற்றவர்களுக்கு அந்த அம்மாவின் சாப்பாட்டைத்தான் பரிமாறப் போகிறோம், இதை அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள்.

போனை வைத்துவிட்டு மேஜைக்கு வந்தேன். பத்தொன்பது நாள் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அக்கா, இன்னிக்கு அங்க பன்னெண்டு பேரு உன்னோட நாலாம் நம்பர் சாப்பிடுறாங்களாம்."

அவள் மிச்சத் தட்டுகளை முடித்தாள். வண்டிகள் எல்லாம் மாடிக்குப் போனபின், ஓர் உருளைக்கிழங்கை எடுத்து அடுப்பில் வைத்தாள். வெந்ததும் தோலை உரித்து, விரல் நகம் அளவுக்கு வெட்டி, உப்புத் தூவி, தட்டை என் முன்னால் நகர்த்தினாள்.

"மென்னு காட்டு" என்றாள்.

"அக்கா..."

"அவரு மென்ன மாதிரி மென்னு காட்டு. நீதானே பார்த்தே. நான் பார்க்கல."

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, இடது கன்னத்துக்கு ஒதுக்கினேன். அக்கா நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மெதுவாக மெல்லத் தொடங்கினேன். கிழங்கு தீரும்வரை அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.